கை நழுவிய கடமான்: கேள்வியும் பதிலும்

சேர்வராயன் மலையில் நாகலூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவன் நான். அப்பா ஒரு காப்பித் தோட்டத்தில் தடம் பார்ப்பவராக இருந்தார். உரிமம் வாங்கித் துப்பாக்கியோடு வரும் விருந்தாளிகளைக் காட்டுக்குள் அழைத்துப் போவது அவர் வேலை. நானும் பின்னாலேயே போவேன். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்த வேலை ஒழிந்தது. நான் வனத்துறையில் காவலராகச் சேர்ந்தேன், ஓய்வும் பெற்றுவிட்டேன். தாத்தா, மாமா, பெரியப்பா என்று வீட்டுக்கு ஒருவராவது ஒரு பெரிய மானைத் தவறவிட்ட கதை வைத்திருக்கிறார்கள். அந்தக் கதைகளில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஆத்தூர்): ஐயா, என் தாத்தா தவறவிட்ட கடமானின் கொம்பில் பன்னிரண்டு கிளைகள் இருந்தன என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி இருக்க முடியுமா?

பதில்: முடியாது தம்பி. அதற்காகத் தாத்தா பொய் சொன்னார் என்று நினைத்துவிடாதீர்கள். வளர்ந்த ஆண் கடமானுக்குப் பக்கத்துக்கு மூன்று கிளை, இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு. நெற்றிக்குச் சற்று மேலே முன்பக்கம் நீளும் கிளை ஒன்று, உச்சியில் கவையாகப் பிரியும் கிளைகள் இரண்டு. புள்ளிமானுக்கும் இதே கணக்குத்தான். பன்னிரண்டு கிளை என்பது ஐரோப்பாவின் செம்மானுக்குச் சரி. இங்கே சில கிழக் கலைகளுக்கு, அதாவது வயதான ஆண் மான்களுக்கு, அடிக்கொம்பில் சிறு முளை ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். மங்கலான வெளிச்சத்தில் பின்னால் நிற்கும் காய்ந்த மரக்கிளையும் கொம்போடு சேர்ந்து தெரியும். என் கண்ணுக்கே ஒரு முறை எட்டு தெரிந்திருக்கிறது.

கேள்வி (சேலம், அஸ்தம்பட்டி): தாத்தா, நீங்கள் பார்த்துத் தப்பிப்போன மான்களில் மறக்க முடியாதது எது?

பதில்: அந்த எட்டுக் கிளைக்காரன்தான். 1971-ஆம் ஆண்டு தை மாதம், எனக்கு வயது பதினாறு. காப்பிப் பழம் பறித்து முடித்திருந்த நேரம். சென்னையிலிருந்து ஒருவர் ‘பன்னிரண்டு போர்’ என்று குழல் அளவைச் சொல்லும் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு வந்திருந்தார். கிழக்குச் சரிவில் ஒரு சோலை, அதன் ஓரத்தில் ஒரு நெல்லி மரம். மரத்தைச் சுற்றி ஈரம் காயாத புழுக்கையை அப்பா முந்தின நாளே பார்த்து வைத்திருந்தார். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நெல்லிக் கொட்டைகள் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன. மான் நெல்லிக்காயை விழுங்கிவிடும். பிறகு படுத்து அசைபோடும்போதுதான் கொட்டையை உமிழும். ஆகவே கொட்டைக் குவியல் இருந்தால் படுக்கை பக்கத்திலேயே இருக்கிறது என்று பொருள். இந்தப் பாடத்தை அப்பா எனக்குச் சொல்லித் தந்தது அன்றுதான்.

விடியுமுன் மலைக்காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும். அதனால் அப்பா எங்களை மரத்துக்குக் கீழ்ப்புறம், நாற்பது கஜம் தள்ளி ஒரு பாறை மறைவில் உட்கார வைத்தார். எங்கும் பனி. முதலில் தெரிந்தது அதன் மூச்சு. பனிக்குள்ளேயே இன்னும் வெள்ளையாக ஒரு புகை, அதன் பின்னால் ஈர மூக்கு. கழுத்து மயிர் நுனியில் எல்லாம் தண்ணீர்ச் சொட்டு. இடது காதின் விளிம்பு கிழிந்திருந்தது. கீழே கிடந்த காயை நாக்கால் வளைத்து எடுத்தது. நான் மூச்சு விட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

விருந்தாளி துப்பாக்கியைத் தூக்கினார், ஆனால் சுடவில்லை. கொம்பு முழுவதும் பனியை விட்டு வெளியே வரட்டும் என்று காத்திருந்தார். அதற்குள் பாறையில் வெயில் விழுந்தது. வெயில் ஏறினால் காற்று திரும்பிச் சரிவில் மேலே ஏறும். என் பிடரியில் சில்லென்று பட்டது. திரும்பிப் பார்த்தேன், அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எங்கள் வாடை போய்ச் சேர்வது அவருக்குத் தெரிந்துவிட்டது.

மான் முன்காலால் ஒரு முறை தரையைத் தட்டியது. வால் நிமிர்ந்தது. தகரக் குழல் ஊதியதுபோல் ஒரே ஒரு குரல். மான் என்றால் துள்ளிப் பாய்ந்து ஓடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது ஓடவில்லை. தாடையை உயர்த்திக் கொம்புகள் இரண்டையும் முதுகோடு படிய வைத்துக்கொண்டு, உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்து போய்விட்டது. இருநூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு. ஒரு சுள்ளி முறியும் சத்தம்கூட எங்களுக்குக் கேட்கவில்லை.

கேள்வி (நாகர்கோவிலிலிருந்து வந்து சேலத்தில் குடியிருப்பவர்): எங்கள் ஊரில் சொல்லும் மிளாவும் நீங்கள் சொல்லும் கடமானும் ஒன்றா?

பதில்: ஒன்றேதான்.

கேள்வி (வாழப்பாடி): என் பெரியப்பா நல்ல குறிகாரர். மலை உச்சியிலிருந்து கீழே நின்ற கலையைச் சுட்டபோது மட்டும் குண்டு அதன் முதுகுக்கு மேலே போய்விட்டதாம். அந்த மானுக்குச் சாமி துணை இருந்தது என்பார். உண்மையில் என்ன நடந்திருக்கும்?

பதில்: சாமி துணையை நான் மறுக்க மாட்டேன். சேர்வராயன் கோயிலுக்கு ஏறிக் கும்பிட்டு வளர்ந்தவன் நான். ஆனால் காரணமும் ஒன்று உண்டு. புவியீர்ப்பு குண்டைக் கீழே இழுக்கும், ஆகவே சமதரையில் பழகியவர் அந்த இறக்கத்துக்கு இடம் விட்டுச் சற்று மேலே குறி வைப்பார். சரிவில் சுடும்போது அந்த இறக்கம் சாய்வான தூரத்துக்கு ஏற்ப அமையாது, கிடைமட்டத் தூரத்துக்கு ஏற்பவே அமையும். கிடைமட்டத் தூரம் குறைவு, இறக்கமும் குறைவு. பழக்கப்படி இடம் விட்டால் குண்டு மேலே போய்விடும். கீழிருந்து மேல்நோக்கிச் சுட்டாலும் இதே தவறு நேரும். போதாததற்கு, மேலிருந்து பார்ப்பவருக்கு மானின் முதுகுதான் அதிகம் தெரியும், கண் அங்கேயே போய் நிற்கும். நாட்டுத் துப்பாக்கி என்றால் இன்னொன்றும் உண்டு. மலைப்பனியில் கருமருந்து ஈரம் வாங்கிவிடும். மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு வெடித்து, ஒரு கணம் கழித்துத்தான் மருந்து பற்றும். அந்த ஒரு கணம் மானுக்குத் தாராளம்.

கேள்வி (ஓமலூர்): என் மாமா சுட்ட மான் நெஞ்சில் அடி வாங்கியும் தப்பிப் போய்விட்டது, அப்படிப்பட்ட உரம் என்று பெருமையாகச் சொல்வார். குண்டு பட்ட மான் பிழைக்குமா?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் நான் இத்தனை நாள் காத்திருந்தேன் என்று சொல்லலாம். குண்டு படாமல் போன மான் தப்பிய மான். உடம்பில் குண்டோடு போன மானைத் தப்பியது என்று சொல்வதை என்னால் தாங்க முடியவில்லை. சதையில் மட்டும் பட்டு ஆறிப்போன தழும்போடு திரிந்த மான்களை நான் பார்த்திருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலானவை நம் கண்ணுக்கு மறைவாகப் போய்ச் செத்தன.

ரத்தத்தைப் பார்த்தே அப்பா சொல்லிவிடுவார். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல், அதிக தூரம் போயிருக்காது. கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல். பச்சைச் சாறு கலந்து நாற்றம் அடித்தால் வயிறு. வயிற்றில் பட்ட மான் உடனே விழாது, மணிக்கணக்கில் நடக்கும். சில சமயம் மறுநாளும் உயிரோடு கிடக்கும்.

1969-இல் அப்படி ஒன்று. இளம் கடமான் கலை ஒன்று, இலையில் பச்சைச் சாறு. சுட்டவர் மறுநாள் காலை காரில் இறங்கிப் போய்விட்டார். அப்பாவும் நானும் தேடினோம். இரண்டாம் நாள் தடம் பாறையில் விட்டுப்போயிற்று. நான்காம் நாள் காக்கைகளைப் பார்த்துப் போனோம். ஓடைக்குப் பத்தடி இந்தப் பக்கம் கிடந்தது. முன்கால்கள் இரண்டும் தண்ணீர்ப் பக்கம் நீண்டிருந்தன. அதைச் சுட்டவர் அடுத்த வருடம் வந்தபோது, போன முறை ஒரு பெரிய கலை தப்பிவிட்டதே என்று சிரித்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னார். அப்பா பதில் பேசவில்லை. அவரோடு அதன் பிறகு காட்டுக்கும் போகவில்லை.

மாமாவிடம் ஒன்று கேளுங்கள், தம்பி. எத்தனை நாள் தேடினார் என்று கேளுங்கள்.

கேள்வி (ஏற்காடு, காப்பித் தோட்டம் வைத்திருக்கும் பெண்மணி): அண்ணா, இரவில் தோட்டத்து ஓரம் நாய் குரைப்பதுபோல் ஒரே சீராக நெடுநேரம் கேட்கிறது. போய்ப் பார்த்தால் நாய் இல்லை. அது மான் என்கிறார் காவல்காரர்.

பதில்: காவல்காரர் சொல்வது சரி, அம்மா. அது கேளையாடு. பெயரில் ஆடு இருந்தாலும் மான் இனம்தான். இருபது கிலோ அளவில் சிறிய உடம்பு, ஆணுக்கு மயிர் மூடிய நீண்ட அடித்தண்டின் மேல் குட்டைக் கொம்பு. ஆணின் மேல்தாடையில் இரண்டு கோரைப்பற்கள் வெளியே நீண்டிருக்கும். ஆபத்தை உணர்ந்தால் இப்படிக் குரைக்கும், சில சமயம் நெடுநேரம் நிறுத்தாது. தோட்டத்து நாய்களை இரவில் கட்டி வையுங்கள். இன்றைக்குக் கேளையாட்டுக்குத் துப்பாக்கியைவிட அவிழ்த்துவிட்ட நாய்க்கூட்டம் பெரிய ஆபத்து. வேலியோரம் சுருக்குக் கம்பி ஏதாவது தெரிந்தால் அதைத் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். காட்டுப்பன்றிக்கு வைத்தேன் என்பார்கள். சுருக்குக்குப் பன்றி எது, மான் எது என்று தெரியுமா?

கேள்வி (மேட்டூர்): எங்கள் பழைய வீட்டுச் சுவரில் கொள்ளுத்தாத்தா காலத்துக் கடமான் கொம்பு இருக்கிறது. வீட்டை இடிக்கப் போகிறோம். ஒருவர் விலைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே கூடாது. விற்பது குற்றம், வாங்குவதும் குற்றம். உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பழைய காகிதக் கட்டுகளில் முதலில் தேடுங்கள். இப்படி வைத்திருப்பவர்கள் அறிவிப்பதற்கு 2003-இல் ஒரு வாய்ப்பு தரப்பட்டது, அப்போது வீட்டில் யாராவது எழுதிக் கொடுத்திருக்கலாம். ஒன்றும் இல்லை என்றால் மாவட்ட வன அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு அவர்கள் சொல்படி செய்யுங்கள். காட்டில் தானாக உதிர்ந்து கிடக்கும் கொம்பையும் எடுத்து வரக்கூடாது.

கேள்வி (கருமந்துறை): சுடாமல் விரட்டிப் பார்ப்பது, வெளிச்சம் அடித்துப் பார்ப்பது எல்லாம் வேட்டையில் சேராதுதானே?

பதில்: விரட்டுவது வேட்டையில் சேரும். சட்டம் கொல்வதை மட்டும் வேட்டை என்று சொல்லவில்லை. கண்ணி வைப்பது, இரை வைப்பது, விரட்டுவது எல்லாம் வேட்டை, அதற்கான முயற்சிகூட வேட்டைதான். இரவில் விளக்கோடு காட்டில் நிற்பவனைப் பிடித்தால் அவன் எதற்காக நிற்கிறான் என்றுதான் நாங்கள் முதலில் பார்ப்போம். விட்டுவிடுங்கள்.

கேள்வி (சேலம், கல்லூரி மாணவி): நான் கடமானை நேரில் பார்த்ததே இல்லை. எங்கே போனால் பார்க்கலாம்?

பதில்: மலையடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது, மகளே. கடமானும் புள்ளிமானும் அங்கே உண்டு. காலையில் சீக்கிரம் போங்கள். கடமான் விடியலிலும் அந்தியிலும்தான் சுறுசுறுப்பு, நண்பகலில் போனால் நிழலில் படுத்துக் கிடக்கும். கொம்பில்லாத ஆணைப் பார்த்தால் ஏமாந்துவிடாதீர்கள். மாட்டுக் கொம்புபோல் அது நிலையானதல்ல. ஆண்டுதோறும் உதிர்ந்து மறுபடி முளைக்கும். முளைக்கும்போது மெல்லிய மயிர்த்தோல் போர்த்தியிருக்கும், தொட்டால் சூடாகத் தெரியும், உள்ளே ரத்தம் ஓடும். வளர்ந்து முடிந்ததும் அந்தத் தோலை மரத்தில் தேய்த்து உரித்துவிடும். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் இரவில் மெதுவாக வண்டி ஓட்டச் சொல்லுங்கள். காட்டெருமை நடுச்சாலையில் நிற்கும்.

கேள்வி (மறுபடியும் அஸ்தம்பட்டி): தாத்தா, அந்தக் காது கிழிந்த கடமானுக்கு உண்மையில் எத்தனை கிளை என்று சொல்லவே இல்லையே? அது பிறகு என்ன ஆயிற்று?

பதில்: அதே வருடம் சித்திரையில் அந்தக் கிழிந்த காது ஒற்றைக் கொம்போடு நிற்பதை அப்பா பார்த்தார். இரண்டு நாள் கழித்து உதிர்ந்த இன்னொரு கொம்பு எனக்கு நெல்லி மரத்துக்கு மேலே, சோலைக்குள் கிடைத்தது. மூன்று கிளை. அதுவரை ஊரெல்லாம் ஆள் உயரக் கொம்பு, எட்டுக் கிளை என்று சொல்லித் திரிந்திருந்தேன். அளந்து பார்த்தேன். ஒரு முழம், ஒரு சாண். அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா அதைக் கையில் வாங்கி, வளைவை விரலால் தடவிப் பார்த்து, இதுவே பெரிது என்றார். அவர் தடம் பார்த்த காட்டில் அதைவிடப் பெரிய கொம்பை அவர் பார்த்ததில்லை.

சென்னை விருந்தாளிக்கு அது தெரிந்து பத்து ரூபாய் தருகிறேன் என்று ஆள் அனுப்பினார். அப்பா அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, கொம்பைக் கொண்டுபோய் அந்த நெல்லி மரத்தடியிலேயே சாய்த்து வைத்தார். மான் அதற்குப் பிறகு இரண்டு வருடம் கண்ணில் பட்டது. பின்பு காணவில்லை. கொம்பை முள்ளம்பன்றி கொறித்தது. சுண்ணாம்புச் சத்துக்காக அது எலும்பு, கொம்பு எதையும் விடாது. மூன்றாம் வருடம் போய்ப் பார்த்தபோது அடிக்குமிழ் மட்டும் மிஞ்சியிருந்தது, எலுமிச்சம்பழ அளவு. அதைச் சுற்றிலும் உளி வைத்துச் செதுக்கியதுபோல் பல் வரிகள்.