மாடல் ரயிலுக்குப் பின்னால் வானமும் மலையும்

கேள்வி: சுவரை ஒட்டி இரண்டரை மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலத்தில் எச்.ஓ. அளவு மாடல் ரயில் லேஅவுட் (தண்டவாளமும் நிலக்காட்சியும் சேர்ந்த அமைப்பு) வைத்திருக்கிறேன். பின்னால் ஹார்டுபோர்டு நிறுத்தி, வானத்துக்கு நீல எமல்ஷன் அடித்து, மலை, மரம், சாலை எல்லாம் வரைந்தேன். தனியாகப் பார்த்தால் அழகாக இருக்கிறது. ரயிலோடு சேர்த்துப் பார்த்தால் காலண்டர் படத்தை ஒட்டியதுபோல் தெரிகிறது. எங்கே இடிக்கிறது?

பதில்: தனியாகப் பார்க்க அழகாக இருக்கிறது என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. கண் முதலில் ரயிலுக்குப் போக வேண்டும். உங்கள் பலகை அதற்குமுன் கண்ணை இழுத்துக்கொள்கிறது.

எச்.ஓ. என்றால் 1:87, அதாவது நிஜ அளவில் 87-இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் உங்கள் 60 செ.மீ. அகலம் நிஜத்தில் 52 மீட்டர்தான். அதற்கு அப்பால் இருக்கும் பல கிலோமீட்டர் தூரத்தையும் அந்தப் பலகைதான் காட்டியாக வேண்டும். தூரம் கூடக்கூட இடையில் இருக்கும் காற்று நிறத்தை வெளிறச் செய்யும், நீலம் கலக்கும், வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும். டியூபிலிருந்து பிதுக்கிய பச்சையை அப்படியே பூசினால் மலை முன்னால் வந்து நிற்கும்.

முதலில் வானம். ஒரே நீலத்தை மேலிருந்து கீழ்வரை அடிக்கக் கூடாது. அண்ணாந்து பார்க்கும்போது வானம் அடர்நீலம். அடிவானத்தில் கிட்டத்தட்ட வெள்ளை. மேட் எமல்ஷனில் ஒரு நீலம், ஒரு வெள்ளை போதும். பளபளப்பு வகை வேண்டாம், விளக்கு அதில் மின்னும். பலகையின் மேல்பகுதியில் வெள்ளை கலந்த நீலம், கீழே துளி நீலமும் துளி காவியும் சேர்த்த வெள்ளை. இரண்டும் ஈரமாக இருக்கும்போதே அகலமான பிரஷ்ஷால் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கலந்துவிடுங்கள். எமல்ஷன் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் என்று பகுதி பகுதியாகப் போவது நல்லது. காய்வதுபோல் தெரிந்தால் லேசாகத் தண்ணீர் தெளிக்கலாம்.

அப்புறம் மலைகள். அடிவானத்துக்குக் கலந்த பெயிண்டில் ஒரு கிண்ணம் எடுத்து வைத்திருங்கள். எல்லா மலைக்கும் அதுதான் அடிப்படை. கடைசி வரிசை மலைக்கு அதில் ஒரு சொட்டு நீலச் சாம்பல் மட்டும். வானத்திலிருந்து பிரித்துப் பார்க்கச் சிரமப்பட வேண்டும், அந்த அளவு போதும். அடுத்த வரிசைக்குக் கொஞ்சம் பச்சை, அதற்கடுத்ததற்கு இன்னும் கொஞ்சம். பச்சை தூக்கலாகத் தெரிந்தால் துளி பழுப்போ சிவப்போ சேர்த்தால் அடங்கிவிடும். மிக அருகில் உள்ள வரிசையில் மட்டும் ஸ்பாஞ்சால் ஒற்றி மரக்கூட்டம் காட்டலாம். இலை இலையாக வரைவது வீண் வேலை, கெடுதலும்கூட.

ஏற்கெனவே வரைந்ததை அழிக்க வேண்டியதில்லை. அந்த அடிவானப் பெயிண்டில் நிறையத் தண்ணீர் ஊற்றி, பால்போல் நீர்க்கச் செய்து, மலைகள்மேல் மெல்லிய பூச்சாக ஒன்றிரண்டு முறை அடித்துப் பாருங்கள். தூர மலைக்கு ஒரு பூச்சு அதிகம். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

நிறம் கலப்பதெல்லாம் லேஅவுட்டின் விளக்குக்குக் கீழேயே நடக்கட்டும். பகல் வெளிச்சத்தில் பொருந்திய பச்சை எல்.இ.டி. வெளிச்சத்தில் வேறாகத் தெரியும். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம் என்பதால், துண்டு அட்டையில் பூசிக் காயவைத்துப் பார்த்தபிறகே பலகையில் கைவைக்கவும்.

சாலை வரைந்ததாகச் சொல்கிறீர்கள். லேஅவுட்டில் இருக்கும் சாலை பலகைக்குள் நேராகத் தொடர்வதுபோல் வரைந்திருந்தால், ஒரே ஒரு இடத்தில் நின்று பார்ப்பவருக்கு மட்டும்தான் அது சரியாக இருக்கும். இரண்டடி நகர்ந்ததும் சாலை ஒடிந்துபோகும். பெயிண்ட் சாலையை மறைத்துவிட்டு, நிஜச் சாலையை ஒரு மேட்டுக்கோ மரக்கூட்டத்துக்கோ பின்னால் வளைத்து முடித்துவிடுங்கள். தரையும் பலகையும் சேரும் கோட்டையும் அப்படித்தான் மறைக்க வேண்டும்: புதர், வேலி, தாழ்வான கட்டடம் என்று ஏதாவது. முன்னால் உள்ள புல்லின் நிறத்தைக் கொஞ்சம் வெளிறச் செய்து பலகையின் அடியில் ஒற்றிவிட்டால் இன்னும் நல்லது.

வானத்தின்மேல் மரத்தின் நிழல் விழுந்தால் மொத்த வேலையும் போச்சு. விளக்கைப் பலகைக்கு அருகே கொண்டுபோனால் நிழல் கீழே இறங்கிவிடும். உயரமான மரம், கட்டடங்களைப் பலகையிலிருந்து சில செ.மீ. தள்ளி வையுங்கள்.

மேகம் குறைவாக இருக்கட்டும். அடிப்பகுதி தட்டையாக, அடிவானத்தை நெருங்க நெருங்கச் சிறிதாக.

பலகையை மூலையில் திருப்ப வேண்டியிருந்தால் செங்கோணமாக மடக்காமல் வளைத்துவிடுங்கள், 3 மி.மீ. ஹார்டுபோர்டு வளையும். இணைப்புகளில் வலைநாடா ஒட்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டபிறகே பிரைமர். இந்த வேலைக்குப் பலகையைக் கழற்றி வெளியே கொண்டுபோங்கள், பட்டித் தூள் தண்டவாளத்தில் விழுந்தால் இன்ஜின் திக்கித் திக்கித்தான் ஓடும்.