செய்தி வாசிக்க மெல்பர்ன் வரை போக வேண்டாம்

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் பதற்றம் புரிகிறது. உயர்நிலை நான்கில் படிக்கும் மகள், தொலைக்காட்சியில் தமிழ்ச் செய்தி வாசிக்க வேண்டும் என்கிறாள். "அப்படியென்றால் மெல்பர்னில் இதழியல் பட்டம் வாங்கட்டும், அதுதான் மதிப்பு" என்று மைத்துனர் நெருக்குகிறார். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்கு மாறலாமா என்று நீங்களும் மனைவியும் கணக்குப் போடுகிறீர்கள். அந்தக் கணக்கே வேண்டாம்.

தமிழில் செய்தி எழுதி வாசிக்க மெல்பர்னில் யார் கற்றுத்தரப் போகிறார்கள்? மத்திய சேமநிதிச் சேமிப்பிலிருந்து படிப்புக்குப் பணம் எடுக்கும் கல்வித் திட்டம் உள்ளூர்க் கல்விக்கழகங்களுக்குத்தான். வெளிநாட்டுப் படிப்புக்கு அதிலிருந்து எடுக்க முடியாது. அவ்வளவு பணமும் உங்கள் முதுமைக்கால இருப்பிலிருந்துதான் போகும். மகனின் படிப்பும் பின்னால் வரிசையில் நிற்கிறது. இந்த விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன்.

தொடக்கக்கல்லூரி, பிறகு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வீ கிம் வீ தொடர்பு, தகவல் பள்ளி என்ற பாதையை எல்லாரும் சொல்வார்கள். (வீ கிம் வீ, செய்தியாளராக இருந்து சிங்கப்பூர் அதிபரானவர். "செய்தியில் என்ன எதிர்காலம்" என்று கேட்கும் உறவினர்களுக்குச் சொல்லுங்கள்.) நான் சொல்ல வருவது அதிகம் பேசப்படாத ஒன்றை: செய்தியை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும் வேலை.

வசந்தம் ஒளிவழியின் செய்தியில் திரையில் தெரிவது ஒரு முகம். அந்த முகத்துக்கு முன்னால் ஓடும் எழுத்தை யாரோ எழுத வேண்டும். அமைச்சின் அறிக்கை ஆங்கிலத்தில் வரும், ஒரே வாக்கியத்தில் நாலு தகவலை அடைத்துக்கொண்டு. அதை அப்படியே தமிழாக்கினால் வினைச்சொல் கடைசியில் போய் உட்காரும். அதற்குள் கேட்பவர் யார், எங்கே என்பதை மறந்திருப்பார். ஆகவே உடைக்க வேண்டும். யார் சொன்னார் என்பது முதலில், என்ன மாறுகிறது என்பது அடுத்த வாக்கியத்தில். 19.8 மில்லியன் வெள்ளியைக் கிட்டத்தட்ட 20 மில்லியன் என்று சொல்லலாமா, கூடாதா என்று முடிவெடுக்க வேண்டும். சீன, மலாய்ப் பெயர்களின் உச்சரிப்பைக் கேட்டு உறுதிசெய்து தமிழில் எழுத வேண்டும். பிறகு வாய்விட்டுப் படித்துப் பார்த்து, மூச்சு முட்டும் இடத்தில் வெட்ட வேண்டும். இதையெல்லாம் செய்து பழகியவர் வாசிக்கும்போது, பொருள் புரிந்து வாசிக்கிறார் என்பது கேட்பவருக்கே தெரியும். தமிழ்ச் செய்திப் பிரிவு சிறியது. செய்தி சேகரிக்கவும் எழுதவும் குரல் கொடுக்கவும் தெரிந்தவர்தான் அங்கே வேண்டும்.

இந்தத் திறன் ஒரே கதவை மட்டும் திறப்பதில்லை. தமிழ் இங்கே அதிகாரத்துவ மொழி. தமிழ் முரசு நாளிதழ், ஒலி 96.8 வானொலி, நாடாளுமன்ற உரைபெயர்ப்பு, நீதிமன்ற மொழிபெயர்ப்பு, அரசாங்க அமைப்புகள் எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். திரையில் இடம் கிடைக்காமல் போனாலும் அவளுக்குச் சோறு உண்டு.

வழி இது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகப் பட்டயம் மூன்று ஆண்டு. சிங்கப்பூரர்களுக்குக் கட்டணம் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 வெள்ளி. பிறகு வேலை பார்த்துக்கொண்டே சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி, இலக்கியப் பட்டம் பகுதிநேரமாகப் படிக்கலாம்.

மகளின் மனம் எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். ஒரு மாதம் தினமும் ஓர் ஆங்கிலச் செய்தியை எடுத்து, அரை நிமிடம் வாசிக்கும் அளவுக்குத் தமிழில் எழுதிக் கைப்பேசியில் பதிவுசெய்யட்டும். நீங்கள் நினைவூட்டாதீர்கள். எழுதும் பகுதி சலித்து, பதிவுசெய்வதில் மட்டும் ஆசை இருந்தால் அவளுக்குப் பிடித்தது மேடை. நாடகம், நிகழ்ச்சிப் படைப்பு பற்றி அப்போது வேறு பேசலாம். செய்தியைத் திணிக்கக் கூடாது, பிடுங்கவும் கூடாது.

பலதுறைத் தொழிற்கல்லூரிகள் ஆர்வத்தையும் திறமையையும் பார்த்து, தேர்வு முடிவுக்கு முன்பே நிபந்தனையுடன் இடம் தரும் முன்கூட்டிய சேர்க்கைக்கு ஆண்டின் நடுவில் விண்ணப்பிக்க வேண்டும். நேர்முகத்தில் காட்ட இந்தப் பதிவுகளே போதும். வெளிநாட்டுப் படிப்பு முகவரிடம் முன்பணம் எதுவும் கட்டிவிடாதீர்கள்; இந்தப் பதிலை மைத்துனருக்கும் காட்டுங்கள்.