ஆட்கொணர்வு மனுவும் வெள்ளை முக்காடும்

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): அர்ஜென்டினா ராணுவ ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாயைப் பற்றி நாவல் எழுதுகிறேன். சித்திரவதைக் காட்சிகள் நிறைய இருந்தும் மனசில் ஒட்டவில்லை என்கிறார்கள். ஏன்?

பதில்: அந்தக் காட்சிகளை எடுத்துவிடுங்கள். உள்ளே நடந்தது அந்தத் தாய்க்குத் தெரியாது. ராத்திரியில் மஃப்டியில் வருவார்கள். வாசலில் நம்பர் பிளேட் இல்லாத ஃபோர்டு ஃபால்கன் கார் நிற்கும். பையனோடு வீட்டுச் சாமான்களையும் அள்ளிக்கொண்டு போவார்கள். போலீஸைக் கூப்பிட்டால் வராது; அந்தப் பக்கம் தலைகாட்டாதே என்று ஸ்டேஷனுக்கு முன்பே தகவல் போயிருக்கும். பிறகு ராணுவ முகாம், உள்துறை அமைச்சகம், சர்ச் என்று அலைச்சல். கோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டால், 'அப்படி யாரும் எங்கள் காவலில் இல்லை' என்று பதில் வரும், மனு தள்ளுபடி. திரும்பவும் மனு. நாவலின் முதுகெலும்பு அந்த மனு நகல்கள்தான்.

தேதியிலும் கோட்டை விடாதீர்கள். ஆட்சிக் கவிழ்ப்பு 1976 மார்ச் 24. பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார் 14 பேர், தலைநகர் ப்யூனஸ் அயர்ஸில் அரசு மாளிகைக்கு எதிரே உள்ள மே சதுக்கத்தில் முதலில் கூடியது 1977 ஏப்ரல் 30. அது சனிக்கிழமை, சதுக்கத்தில் ஈ காக்கை இல்லை. அதனால்தான் பிற்பாடு வியாழக்கிழமைக்கு மாறினார்கள். அவசரநிலையில் கும்பலாக நிற்கக் கூடாது, நகருங்கள் என்றது போலீஸ். சரி என்று ஜோடி ஜோடியாகச் சுற்றி நடந்தார்கள். வெள்ளை முக்காடு அந்த அக்டோபரில்தான் வந்தது, லூஹான் மாதா கோயிலுக்குப் போகும் யாத்திரைக் கூட்டத்தில் ஒருவரையொருவர் அடையாளம் காண. குழந்தைக்கு இடுப்பில் கட்டும் துணி அது. 1976-லேயே நாயகிக்கு முக்காடு போட்டால் விவரம் தெரிந்தவர் புத்தகத்தை மூடிவிடுவார்.

உண்மையான மோதல் 1979 செப்டம்பரில் இருக்கிறது. காணாமல் போனவரை இறந்ததாகக் கருதலாம், அரசே அதற்கு விண்ணப்பிக்கலாம் என்று ராணுவ அரசு சட்டம் போட்டது. ஏற்றால் மருமகள் மறுமணம் செய்யலாம், சொத்துச் சிக்கல் தீரும். ஆனால் மகன் செத்தான் என்று தாயே ஒப்புக்கொண்டதாகிவிடும். மாமியாரையும் மருமகளையும் ஒரே மேஜையில் உட்காரவையுங்கள்.

கேள்வி (அதே வாசகர்): சிறையில் பிறந்த பேரனை 1980-ல் டிஎன்ஏ சோதனையில் கண்டுபிடிப்பதாக முடிக்கலாமா?

பதில்: முடியாது. பெற்றோர் இல்லாமல் தாத்தா பாட்டி ரத்தத்தை வைத்தே உறவை நிரூபிக்கும் முறை அங்கே கோர்ட்டுக்கு வந்தது 1984-ல். தேசிய மரபணு வங்கிக்கான சட்டம் 1987-ல். பாத்திரங்கள் வாயில் காணாமல் போனவர்கள் 30,000 என்ற எண்ணையும் 1978-ல் போடாதீர்கள். 1984-ல் அரசு ஆணையம் பதிவு செய்தது 8,961 பேரை. 30,000 மனித உரிமை அமைப்புகள் சொல்லும் கணக்கு.