வாடிக்கையாளர் யாரிடம் இருக்கிறார்?

வணக்கம் ஐயா,

கோவையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கிய கடை. இப்போது பாதிக்கு மேல் பணம் யூபிஐயில்தான் வருகிறது. சில கம்பெனிகளுக்கு சரக்கு ஆர்டரையே ஆப்பில்தான் போடுகிறேன். பத்து நிமிட டெலிவரி வந்த பிறகு சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் விற்பனை நன்றாகவே இறங்கிவிட்டது. ஐடியில் வேலை பார்க்கும் மகன், "ஏதாவது ஒரு ஆப்பில் சேர்ந்து கடையை மொத்தமா ஆன்லைனுக்குக் கொண்டுபோயிடலாம்பா" என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. சேராவிட்டால் கடையை மூட வேண்டியதுதானா? நான் ஜிஎஸ்டியில் காம்போசிஷனில் (சிறு வியாபாரிகள் மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டம்) இருக்கிறேன், சேர்வதற்கு அது தடையா?

ஒரு வாசகர், கோவை

*

அன்புள்ள நண்பருக்கு,

மூட வேண்டியதில்லை. முறையை மாற்ற வேண்டும் என்று உங்கள் மகன் சொல்வதும் சரிதான். "ஏதாவது ஒரு ஆப்" என்று அவர் சொல்வதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. சேர்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: நாளைக்கு இதிலிருந்து விலகினால் என் வாடிக்கையாளர் என்னோடு வருவாரா, ஆப்போடு இருந்துவிடுவாரா?

பத்து நிமிட டெலிவரி ஆப்பான இன்றைய பிளிங்கிட், 2013இல் குரோஃபர்ஸ் என்ற பெயரில் தொடங்கியபோது, அக்கம்பக்கத்துக் கடைகளில் சரக்கை எடுத்து வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தது. கடைக்காரருக்கு அது கூடுதல் வியாபாரம், யாருக்கும் அதில் குறை தெரிந்திருக்காது. சில ஆண்டுகளில் அது சொந்தக் கிடங்குகளுக்கு மாறியது. 2021 டிசம்பரில் பெயர் மாறியது, 2022இல் சொமேட்டோ அதை வாங்கியது. கிடங்குக்கு மாறியதில் ஒரு கணக்கு இருக்கிறது. கடை அலமாரியில் ஒரு பொருள் உண்மையிலேயே இருக்கிறதா என்பது ஆப்புக்குத் தெரியாது. ஆர்டரை எடுத்துவிட்டு அப்புறம் 'ஸ்டாக் இல்லை' என்று சொல்ல வேண்டி வரும். லாபத்திலும் கடைக்காரருக்குப் பங்கு போகும். சரக்கைத் தானே வைத்துக்கொண்டால் இரண்டும் தீர்ந்தது.

ஆனால் அதற்குள் இன்னொன்றும் நடந்துவிடுகிறது. எந்தத் தெருவில் எந்த எண்ணெய் போகிறது, மாதத் தொடக்கத்தில் என்ன கேட்கிறார்கள், இரவு ஒன்பது மணிக்கு என்ன தீர்ந்துபோகிறது என்பதெல்லாம் முன்பு கடைக்காரரின் மண்டையில் மட்டும் இருந்த விஷயங்கள். ஆர்டர் ஆப் வழியாகப் போகும் நாளிலிருந்து அவை ஆப்பிடம் சேர்கின்றன. உங்கள் அப்பா சம்பாதித்துக் கொடுத்த மூலதனத்தில் பெரிய பங்கு இந்த அறிவுதான் என்று நான் நினைக்கிறேன். அதைக் கமிஷனும் கட்டி ஆப்பிடம் கையளிக்கக் கூடாது. உணவகக்காரர்கள் பல ஆண்டுகளாக முறையிடுவதும் இதையேதான்: சாப்பாடு செய்து அனுப்புவது அவர்கள், சாப்பிட்டவர் யார் என்ற விவரம் டெலிவரி ஆப்பிடம்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. பெங்களூரில் 2022 நவம்பரில் ஆட்டோ ஓட்டுநர் சங்கமும் ஜஸ்பே என்ற பணப்பரிமாற்றத் தொழில்நுட்ப நிறுவனமும் சேர்ந்து நம்ம யாத்ரி என்ற ஆட்டோ ஆப்பைக் கொண்டுவந்தன. சவாரிக்கு சவாரி கமிஷன் பிடிக்காமல், பிறகு நாளொன்றுக்கு 25 ரூபாய் என்று நிலையான கட்டணம் வைத்தார்கள். பயணி கொடுக்கும் பணம் நேராக ஓட்டுநர் கைக்குப் போகிறது. 2025 பிப்ரவரியில் ஊபரே ஆட்டோவுக்குக் கமிஷனை விட்டுவிட்டு நிலையான கட்டணத்துக்கு வந்தது. ஆட்டோவும் ஓட்டுநரும் பழையபடிதான், பணம் யாரிடம் எப்படிப் போகிறது என்ற விதிதான் மாறியது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

உங்கள் கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆரும் இந்த வகைதான். முன்பு ஒரு வாலட்டின் கியூஆருக்கு அதே வாலட்டில்தான் பணம் போட முடியும். 2016இல் யூபிஐ வந்த பிறகு எந்த ஆப்பிலிருந்தும் எந்த வங்கிக்கும் போகிறது. (அங்கேயும் போன்பேவும் கூகுள் பேயும்தான் பெரும்பங்கை வைத்திருக்கின்றன. வழி பொதுவாக இருந்தாலும் கூட்டம் ஓரிரு இடத்தில்தான் சேர்கிறது.) யூபிஐ போலவே சில்லறை வியாபாரத்துக்கும் ஒரு பொது வலையமைப்பாக வந்தது ஓஎன்டிசி. 2022 ஏப்ரலில் முதல் சோதனை நடந்த ஐந்து இடங்களில் உங்கள் கோவையும் ஒன்று. ஓஎன்டிசி கொடுத்துவந்த ஊக்கத்தொகை குறைந்ததும் அதில் சில்லறை ஆர்டர்களும் இறங்கின, அதனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ஆனாலும் முயன்று பார்க்க வேண்டிய இடம் அது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் சரக்குக் கணக்கை முழுவதும் பார்கோடு பில்லிங்குக்கு மாற்றுவேன். மகனின் திறமை அங்கேதான் முதலில் தேவை. எது எத்தனை நாளில் தீர்கிறது, எது தேதி முடிந்து கிடக்கிறது என்று தெரியாமல் ஆன்லைனில் போவது வம்பு. அடுத்து, சம்மதம் கேட்டு வாடிக்கையாளர் எண்களை வாங்கி, மாத லிஸ்ட்டை வாட்ஸ்அப்பில் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். சோப்பு, ஷாம்புவில் தள்ளுபடிப் போட்டி போட வேண்டாம். அரிசி, பருப்பு, புளி, செக்கு எண்ணெய் எல்லாம் உங்கள் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்து விற்பவை. அதில் வரும் நம்பிக்கையைப் பத்து நிமிடத்தில் யாரும் கொண்டுவந்து கொடுக்க முடியாது.

அப்புறமும் ஒரு ஆப்பில் சேர விரும்பினால், சில பொருட்களோடு தொடங்குங்கள். கமிஷனை அவர்களாக உயர்த்த முடியுமா, பணம் எத்தனை நாளில் கணக்குக்கு வரும், திரும்பி வரும் சரக்கின் நஷ்டம் யாருடையது என்று ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். காம்போசிஷன் தடையில்லை. 2023 அக்டோபர் 1 முதல் காம்போசிஷனில் இருப்பவர்களும் மாநிலத்துக்குள் ஆன்லைன் தளங்கள் வழியாகப் பொருள் விற்கலாம், வெளிமாநிலத்துக்கு அனுப்ப முடியாது. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

அன்புடன்.