பில் வந்துவிட்டது, ஆனால் இப்போதே கட்டாதீர்கள்

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். இரண்டு மாதம் முன்பு நள்ளிரவில் என் கணவருக்கு நெஞ்சு வலி. பயந்துபோய் காரில் எமர்ஜென்சிக்கு ஓடினோம். இசிஜி, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்துவிட்டு, வாயுத் தொல்லைதான் என்று விடியற்காலையில் அனுப்பினார்கள். இப்போது மருத்துவமனையிலிருந்து 6,840 டாலருக்கு ஒரு பில், பெயரே கேள்விப்படாத டாக்டர் குழுவிடமிருந்து 1,150 டாலருக்கு இன்னொன்று. கணவரின் கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறது. அவர்களிடமிருந்து வந்த தாளில் 'இது பில் அல்ல' என்று இருந்ததால் படிக்காமல் எடுத்து வைத்துவிட்டேன். 401கே ஓய்வுக்காலச் சேமிப்புப் பணத்தை எடுத்துக் கட்டலாமா, கிரெடிட் கார்டில் போடலாமா? "இனி என்ன வந்தாலும் அந்தப் பக்கம் போகமாட்டேன்" என்கிறார் அவர்.

பதில்: இரண்டும் வேண்டாம். பாக்கி வைத்தால் தூக்கம் வராத வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம்; பில் கைக்கு வந்ததும் கட்டிவிடத்தான் மனம் துடிக்கும். இந்த ஒரு விஷயத்தில் அந்த நல்ல பழக்கமே நம் பணத்தைக் கரைத்துவிடும்.

நீங்கள் எடுத்து வைத்த அந்தத் தாளை முதலில் தேடுங்கள். மருத்துவமனை கேட்ட தொகை, இன்சூரன்ஸ் ஒப்புக்கொண்ட தொகை, உங்கள் பங்கு என்ற மூன்றும் அதில் தனித்தனியாக இருக்கும். நீங்கள் கட்ட வேண்டியது கடைசியில் உள்ள தொகைதான். 6,840 என்பது இன்சூரன்ஸ் கணக்குப் பார்ப்பதற்கு முன்பே அனுப்பிய பில்லாகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் நீங்களே கட்ட வேண்டிய தொகை, பெரிதென்றால், எல்லாம் சரியாக நடந்தாலும் ஒரு கணிசமான தொகை உங்கள் தலையில்தான் விழும். அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து மருத்துவமனை பில்லிங் பிரிவை அழைத்து, ஒவ்வொரு செலவும் தனித்தனியாக, அதற்குரிய குறியீட்டு எண்ணோடு இருக்கும் விவரப் பில்லைக் கேளுங்கள். எமர்ஜென்சி வருகைக்கு 99281 முதல் 99285 வரை ஐந்து நிலைகள் உண்டு. எண் கூடக் கூடக் கட்டணமும் கூடும். சாதாரணக் காய்ச்சலுக்கு 99285 போட்டிருந்தால் உறுதியாகச் சண்டை போடச் சொல்வேன். நெஞ்சு வலிக்கு மேல்நிலை எண் போடுவது பெரும்பாலும் நியாயமாகவே இருக்கும். அதேபோல இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை இரண்டு முறை எழுதப்பட்டிருந்தால் அவசரப்பட்டுப் பிழை என்று சொல்லிவிடாதீர்கள். மாரடைப்பு இல்லை என்று உறுதிசெய்யச் சில மணி நேர இடைவெளியில் அதை மறுபடியும் எடுப்பார்கள். செய்யாத பரிசோதனை, கொடுக்காத மருந்து ஏதாவது இருக்கிறதா என்று அன்றைய மருத்துவப் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பதிவைக் கேட்டு வாங்க உங்கள் கணவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு.

அந்த 1,150 டாலர்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. எமர்ஜென்சியில் பார்க்கும் டாக்டர்கள் பல இடங்களில் மருத்துவமனை ஊழியர்கள் அல்ல. தனிக் குழுவைச் சேர்ந்தவர்கள். மருத்துவமனை உங்கள் இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் செய்துள்ள நெட்வொர்க்கில் இருந்தும் அவர்கள் வெளியே இருக்கலாம். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 'நோ சர்ப்ரைசஸ்' சட்டப்படி, எமர்ஜென்சி சிகிச்சைக்கு நெட்வொர்க்குக்குள் என்ன பங்கு கட்டுவீர்களோ அதற்கு மேல் அவர்கள் உங்களிடம் கேட்கக் கூடாது. இன்சூரன்ஸ் தாளில் இருக்கும் உங்கள் பங்கைவிட ஒரு டாலர் கூடுதலாக இருந்தாலும் எழுத்தில் மறுங்கள். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் அரசின் உதவி எண் 1-800-985-3059. நீங்கள் காரில் போனது நல்லதாயிற்று என்று சொல்ல மாட்டேன், நெஞ்சு வலிக்கு ஆம்புலன்ஸ்தான் சரி. ஆனால் சாலையில் ஓடும் ஆம்புலன்ஸ் இந்தச் சட்டத்துக்குள் வராது என்பது தெரிந்திருக்கட்டும்.

சரிபார்த்த பிறகு நிற்கும் தொகையும் தாங்க முடியாததாக இருந்தால், அந்த மருத்துவமனை லாப நோக்கமற்றதா என்று பாருங்கள். அப்படியென்றால் நிதி உதவித் திட்டம் ஒன்றை வைத்திருப்பது அதற்குக் கட்டாயம். சிகிச்சைக்குப் பின் வந்த முதல் பில்லிலிருந்து 240 நாட்கள் வரை விண்ணப்பிக்கலாம். வேலையும் இன்சூரன்ஸும் இருக்கிறதே என்று கூசாதீர்கள். வருமான வரம்பு மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும்; ஒரே சம்பளத்தில் நான்கு பேர் வாழும் வீடுகள் சில இடங்களில் அதற்குள் வந்துவிடும். கிடைக்காவிட்டால், வட்டியில்லாத மாதத் தவணை கேளுங்கள்.

கார்டில் தேய்த்த அடுத்த நிமிடமே அது மருத்துவக் கடன் என்ற தகுதியை இழந்து சாதாரண வட்டிக் கடனாகிவிடும். 401கே-யில் கைவைத்தால் வரியோடு பெரும்பாலும் 10 சதவீத அபராதமும் சேரும். எச்எஸ்ஏ என்ற, மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கு அந்த இரவுக்கு முன்பே திறந்திருந்தால், இப்போது அதில் பணம் போட்டு அதிலிருந்தே கட்டலாம், வரி மிச்சமாகும். கிரெடிட் ஸ்கோர் பயத்தால் ஓட வேண்டாம்: கட்டாத மருத்துவ பாக்கியை மூன்று கிரெடிட் நிறுவனங்களும் ஓர் ஆண்டு வரை பதிவதில்லை.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. ஐயா, அது மாரடைப்பா வாயுவா என்று வீட்டில் இருந்து யாராலும் சொல்ல முடியாது. கடைசியில் வாயு என்று தெரிந்ததற்காக இன்சூரன்ஸ் பணம் தர மறுக்க முடியாது. சாதாரண மனிதர் ஆபத்து என்று நினைக்கக்கூடிய அறிகுறி இருந்தாலே போதும். மறுத்தால் 180 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மறுபடி வலித்தால் தயவுசெய்து போங்கள்.

டாக்டர் குழுவுக்கு அனுப்பும் கடிதத்தோடு இன்சூரன்ஸ் தாளின் நகலையும் வையுங்கள். என்ன பதில் வருகிறது என்று எழுதுங்கள்.