வெள்ளெழுத்து – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு சிறிய அறக்கட்டளையின் செயலாளர். மொத்தம் 14 பேர், யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை கண் பரிசோதனை முகாம் நடத்துகிறோம். தேவைப்படுபவர்களுக்குக் கண்ணாடி கொடுப்போம், கண்புரை இருந்தால் அறுவைச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வோம். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பள்ளிக்கே போகாதவர்களும் பாதியில் விட்டவர்களும் பெரியவர்களான பிறகு படிக்க உதவித்தொகை தருகிறோம்.

சென்ற கூட்டத்தில் எங்களுக்கு நெடுநாளாக நன்கொடை தரும் ஒருவர் எழுந்து, "கண்ணா, படிப்பா, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அரைகுறையாகச் செய்கிறீர்கள். 47 வயதில் ஒருவர் படித்து என்ன ஆகப்போகிறது? அந்தப் பணத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்" என்றார். போன ஆண்டு உதவித்தொகை வாங்கிய 9 பேரில் 4 பேர் நடுவில் நின்றுவிட்டார்கள் என்பதையும் எடுத்துச் சொன்னார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குப் பதில் வரவில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதால்தான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. நாங்கள் ஒன்றை விட்டுவிட வேண்டுமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

விட வேண்டாம். நீங்கள் செய்துவருவது இரண்டு வேலை இல்லை, ஒரே வேலை என்றுதான் நான் நினைக்கிறேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு மாலை வகுப்பில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். கடைசி வரிசையில் ஓர் அம்மா உட்காருவார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கரும்பலகையில் நான் எழுதுவதைத் தயங்காமல் சொல்லிவிடுவார். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் மௌனமாகிவிடுவார். சிலேட்டை மடியில் வைத்து எழுதும்போது கோடு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். மூன்றாவது வாரம், "எனக்கு இதெல்லாம் மண்டையில ஏறாதுங்க" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டார். நான் இரண்டு முறை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். வரவில்லை. ஆர்வம் போய்விட்டது என்று முடிவு கட்டினேன்.

ஒன்றரை ஆண்டு கழித்து அவரை வழியில் பார்த்தேன். கண்ணாடி போட்டிருந்தார். ஏதோ ஒரு முகாமில் கொடுத்தார்களாம். ஊசியில் நூல் கோர்க்க முடிகிறது, செல்போனில் எண் தெரிகிறது என்று சந்தோஷமாகச் சொன்னவர், அப்புறம் கேட்டார்: "அந்தக் கிளாஸ் இன்னும் நடக்குதா?" நடக்கவில்லை. ஆள் போதவில்லை என்று ஆறு மாதம் முன்புதான் மூடியிருந்தோம்.

கரும்பலகை தெரிகிறது, புத்தகம் தெரியவில்லை. இதைவிடத் தெளிவான அடையாளம் வேறு என்ன வேண்டும்? மூன்று வாரமாக என் கண் முன்னால் இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றுவரை இருக்கிறது.

வயதானால் கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்குவதை நாம் வெள்ளெழுத்து என்கிறோம். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளமையில் நெகிழ்வாக இருக்கும். அருகில் உள்ளதைப் பார்க்கும்போது அதற்கேற்ப வளைந்துகொடுக்கும். வயது ஏற ஏற அது இறுகிவிடும். நாற்பதைத் தாண்டும்போது பெரும்பாலோருக்கு இது தெரிய ஆரம்பிக்கும். நோய் என்றுகூடச் சொல்ல முடியாது, நரை போலத்தான். ஆனால் அந்தப் பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எழுத்து வெளுத்துப்போகிறது என்பதை வைத்துத்தான் படிக்கிறவர்கள் அதைக் கண்டுகொள்கிறார்கள். செய்தித்தாளைத் தள்ளிப் பிடிக்கிறார்கள், கடைக்குப் போய்க் கண்ணாடி வாங்குகிறார்கள். எழுத்தே தெரியாத ஒருவருக்கு எது வெளுக்கும்? தூரத்தில் வருகிற ஆள் நன்றாகத் தெரிகிறார், நடப்பதில் சிரமம் இல்லை. அதனால் தனக்குப் பார்வைக் குறை இருப்பதே அவருக்குத் தெரியாது. வாழ்க்கையில் முதல் முறையாகப் புத்தகத்தைத் திறக்கிற அன்றுதான் அது குறுக்கே வந்து நிற்கிறது. அதைக் கண்ணின் குறை என்று அவர் நினைப்பதில்லை. தனக்குப் படிப்பு வராது என்று முன்பே மனதில் பதிந்திருக்கிறதல்லவா, அதற்கு இன்னொரு சாட்சியாக எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறார்.

இது எங்கோ ஒருவருக்கு நேர்வது இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் பார்வை குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறை இருக்கிறது, அதில் குறைந்தது 100 கோடிப் பேருடையது தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்கிறது அது. அந்த 100 கோடியில் மிகப் பெரிய பங்கு கண்புரை இல்லை. வெள்ளெழுத்துதான், 82.6 கோடி. ஒரு வாசிப்புக் கண்ணாடியில் தீர்ந்துவிடக்கூடிய விஷயம். எழுத்தறிவில்லாத பெரியவர்களோ, உலக அளவில் மூன்றில் இருவர் பெண்கள். கண்ணாடி கிடைக்காதவரும் படிப்புக் கிடைக்காதவரும் பல வீடுகளில் ஒரே ஆளாகத்தான் இருப்பார்.

கண்ணாடி என்ன செய்யும் என்று உங்கள் நன்கொடையாளர் கேட்டால் அசாம் ஆய்வைச் சொல்லுங்கள். 2018இல் வெளியானது. தேயிலை பறிக்கும் தொழிலாளர்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 751 பேரை எடுத்து, ஒரு பாதிக்குக் கிட்டப் பார்ப்பதற்கான கண்ணாடியை முதலிலேயே கொடுத்தார்கள், மறு பாதிக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்கள் பறித்த அளவு மற்றவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் அதிகம் உயர்ந்தது. ஐம்பதைத் தாண்டியவர்களிடம் 32 சதவீதத்தை நெருங்கியது. கையால் இலை பறிக்கிற வேலைக்கே இவ்வளவு என்றால், எழுத்துப் பழகுகிறவருக்கு எவ்வளவு என்று யோசிக்கச் சொல்லுங்கள்.

இப்போது அந்த 4 பேருக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான். அவர்களில் எத்தனை பேர் நாற்பதைத் தாண்டியவர்கள்? அவர்களுடைய கிட்டப்பார்வையை, அதாவது அருகில் உள்ளதைப் பார்க்கும் திறனை, யாராவது சோதித்தார்களா? கண் முகாமுக்கு ஒரு நோட்டு, உதவித்தொகைக்கு ஒரு நோட்டு, இரண்டையும் வேறு வேறு ஆட்கள் பார்க்கிறார்கள் என்றுதான் ஊகிக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த நால்வரின் பெயர் முகாம் நோட்டில் இல்லை என்றால், நன்கொடையாளர் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. நீங்கள் இரண்டு வேலையைத் தனித்தனியாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஆகாது. உதவித்தொகை கேட்டு வருகிற ஒவ்வொருவரையும் விண்ணப்பம் எழுதும் முன்பே கிட்டப்பார்வைச் சோதனைக்கு உட்கார வையுங்கள். எழுத்துத் தெரியாதவருக்கு எழுத்து அட்டை உதவாது. மூன்று கால் உள்ள குறி நான்கு திசையிலும் திரும்பியிருக்கிற அட்டை இருக்கிறது. கால்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று விரலால் காட்டினால் போதும். அதிலேயே கையடக்கமாக, கிட்டப்பார்வைக்கென்று சின்ன அட்டையும் உண்டு. அதே போல முகாமில் கண்ணாடி வாங்குகிற ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "படிக்க ஆசை இருக்கிறதா?" உதவித்தொகைக்கு ஆள் தேடி நீங்கள் அலைய வேண்டியிருக்காது.

கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களையும் மறந்துவிடாதீர்கள். வழக்கமாக வைக்கிற லென்ஸ் தூரப் பார்வையைத்தான் தெளிவாக்கும். கிட்டப் பார்க்க அதற்குப் பிறகும் கண்ணாடி வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், "ஆபரேஷன் பண்ணியும் எழுத்துத் தெரியல" என்று ஒருவர் சொல்வார், அதைக் கேட்டுப் பத்துப் பேர் வராமல் இருந்துவிடுவார்கள். சிகிச்சை முடிந்து சில வாரங்களில் மறுபடி பார்த்துக் கண்ணாடி கொடுத்தால்தான் அந்த வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வாசிப்புக் கண்ணாடி கொடுத்ததோடு யாரையும் அனுப்பிவிட வேண்டாம். கண் அழுத்த நோய் பெரும்பாலும் ஆரம்பத்தில் எந்தத் தொந்தரவும் காட்டாது. அதில் போன பார்வை திரும்பவும் வராது. சர்க்கரை நோயாளிக்குப் பார்வை நன்றாக இருக்கும்போதே விழித்திரையில் பாதிப்பு தொடங்கியிருக்கலாம். இந்த இரண்டையும் கண் மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல முடியும். பழைய கண்ணாடிகளைச் சேகரித்துக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அன்போடு மறுத்துவிடுங்கள். ஒருவருடைய பவர் இன்னொருவருக்குப் பொருந்துவது அபூர்வம். பிரித்துக் கழுவி அளந்து வைக்கிற உழைப்புக்குப் புதிதாகவே வாங்கிவிடலாம்.

உதவித்தொகையில் நீங்கள் எப்படிப் பணம் தருகிறீர்கள் என்று எழுதவில்லை. பல இடங்களில் கட்டணத்தை மட்டும் கொடுக்கிறார்கள், அதுவும் ரசீதைக் காட்டினால். கையில் பணம் இல்லாததால்தானே உதவி கேட்டு வருகிறார்கள், முதலில் கட்டிவிட்டு ரசீதோடு வா என்றால் எங்கே போவார்கள்? பெரியவர்கள் படிப்பதில் கட்டணம் சின்னச் செலவு. தேர்வு நாளில் போகிற கூலி, போக்குவரத்து, வகுப்பு நேரத்தில் குழந்தையையோ வயதானவரையோ பார்த்துக்கொள்ள ஓர் ஆள், இவைதான் அவர்களை வீட்டோடு கட்டிப்போடுகின்றன. தொகையைக் குறைத்தாலும் பரவாயில்லை, தேவை வருவதற்கு முந்தின வாரம் கையில் கிடைக்கும்படி கொடுங்கள். அப்புறம், நின்றவர் என்ற சொல்லையே நோட்டிலிருந்து எடுத்துவிடலாம். குழந்தையின் படிப்பு ஜூன் முதல் மார்ச் வரை போகிற மாதிரி பெரியவர் படிப்பு போகாது. வீட்டில் ஒருவர் படுத்துவிடுவார், வேலை இடம் மாறும், ஓர் ஆண்டு போய்விடும். அவர் எப்போது வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். எங்கள் வகுப்பில் அதை நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை.

சரி, 47 வயதில் படித்து என்ன ஆகப்போகிறது என்ற கேள்வி. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் ஒன்று இருக்கிறது. தாய் படித்தால் பிள்ளை படிக்கும், குடும்பம் முன்னேறும். அது உண்மைதான். ஆனால் அதை முதல் பதிலாகச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படிச் சொன்னால் அந்தப் பெண் படிப்பது அவருக்காக இல்லை என்று நாமும் ஒப்புக்கொள்கிறோம். கென்யாவில் கிமானி மாருகே என்பவர் 2004இல், தன் 84ஆவது வயதில், தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அங்கே தொடக்கக் கல்வி இலவசமானது. சீருடை போட்டுக்கொண்டு குழந்தைகளோடு உட்கார்ந்தார். பைபிளைத் தானே படிக்க வேண்டும், பணத்தைத் தானே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அடுத்த ஆண்டு நியூயார்க்கில், ஐ.நா. சபையில், இலவசக் கல்விக்காகப் பேசினார். 2009இல் இறந்துபோனார். பைபிளைத் தானே படிக்க வேண்டும் என்பதைவிட நல்ல காரணம் வேண்டுமா என்ன?

இன்னொருவரையும் சொல்லலாம், அவர் கண் மருத்துவரே. டாக்டர் கோ. வெங்கடசாமி மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று நினைத்திருந்தவர். முப்பது வயதை ஒட்டிக் கடுமையான மூட்டுவாதம் வந்து படுக்கையில் விழுந்தார். விரல்கள் கோணிப்போயின. அந்தக் கையை வைத்துக்கொண்டு புதிதாகக் கண் மருத்துவம் படித்து, கத்தி பிடிக்கப் பழகினார். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976இல், 58 வயதில், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று உங்கள் முகாமுக்கு வருகிறவருக்குக் கண்புரை நீக்கிக் குறைந்த செலவில் லென்ஸ் வைக்க முடிகிறது என்றால், அந்த வழியைப் போட்டுக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். வயது போய்விட்டது, கையும் போய்விட்டது, இனி எதற்குப் படிப்பு என்று அவரிடம் யாராவது சொல்லியிருந்தால்?

பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்கிற உங்கள் நன்கொடையாளரின் அக்கறையை நான் மதிக்கிறேன். பிள்ளைகளுக்கு உதவப் பலர் முன்வருவார்கள், வரவும் வேண்டும். பெரியவர்களுக்குக் கேட்டால் தயங்குவார்கள். நீங்கள் 14 பேர் நிற்கிற இடத்தில் வேறு யாரும் அநேகமாக இல்லை. அவரை அடுத்த முகாமுக்கு அழையுங்கள். மேடையில் உட்கார வைக்க வேண்டாம். கிட்டப்பார்வை அட்டையை அவர் கையில் கொடுத்து, வருகிறவர்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். கண்ணாடியை முதல் முறை மாட்டிவிடுகிற வேலையும் அவருடையதாக இருக்கட்டும்.

அதற்கு முன், இந்த வாரத்திலேயே, அந்த நான்கு பேரையும் போய்ப் பாருங்கள். ஏன் நின்றீர்கள் என்று கேட்க வேண்டாம், அது கணக்குக் கேட்பது போலாகிவிடும். அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். வாசலில் வெளிச்சத்தில் உட்கார வைத்து, குறி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்.