பேச்சு வராத பிள்ளை: முன்பணம் கட்டும் முன் காதைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம். ‘அம்மா’, ‘தா’ தவிர வேறு சொல் இல்லை. “இவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினான், பொறுத்திரு” என்கிறார் மாமியார். பயிற்சி மையம் ஒன்றில், மூன்று மாதத்தில் பேச வைக்கிறோம் என்று 60,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். அதற்காகப் பொறுத்திருக்கவும் வேண்டாம். ‘பால் தா’, ‘அம்மா வா’ என்று இரண்டு வயதிலேயே சொற்களைச் சேர்க்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

முதல் வேலை காது. குக்கர் விசிலுக்குத் திரும்புகிறான் என்பீர்கள். விசில் கேட்டால் பேச்சும் தெளிவாகக் கேட்கிறது என்று பொருளில்லை. சளியால் நடுக்காதில் நீர் கோத்தாலே பேச்சொலி மங்கிவிடும்.

பிறந்தபோது செய்த சோதனையில் ‘பாஸ்’ என்று எழுதிய சீட்டைப் பலர் பத்திரமாக எடுத்து வருகிறார்கள். பிறந்ததும் செய்வது பெரும்பாலும் ஓஏஇ (OAE) சோதனை. உட்செவி வேலை செய்கிறதா என்பதை மட்டும் அது சொல்லும்; அங்கிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஒலி போகிறதா என்று சொல்லாது. குறைமாதத்தில் பிறந்தவர்கள், மஞ்சள் காமாலை முற்றி ரத்தம் மாற்றப்பட்டவர்கள் ஆகியோரில் சிலருக்கு உட்செவி நன்றாக இருக்கும், நரம்புப் பாதை பழுதாகியிருக்கும். அவர்களும் ஓஏஇ-யில் பாஸ்தான். ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் ‘பெரா’ (BERA) சோதனையில்தான் குறை பிடிபடும். உங்கள் மகன் பிறந்ததும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்திருந்தால், பெயர் சொல்லியே பெரா கேளுங்கள். பிள்ளை தூங்கும்போது செய்வது அது. வண்டியிலேயே தூங்கி, அங்கே போய் விழித்துக்கொள்ள விட்டுவிடாதீர்கள்.

இனி அந்த மையம். எந்தப் பிள்ளை எந்த மாதம் பேசும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது, சொல்பவர் வியாபாரி. பேச்சுப் பயிற்சியாளருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். கேளுங்கள். “மேடம் நாளை காட்டுவார்” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பெற்றோரை வெளியே உட்கார வைத்துக் கதவைச் சாத்தும் இடமும் வேண்டாம். அங்கே முக்கால் மணி நேரம் நடப்பதை மிச்ச நாள் முழுவதும் செய்ய வேண்டியவர் நீங்கள்; பார்க்காமல் எப்படிச் செய்வீர்கள்? நாக்கில் வசம்பு தடவுவதாலும் பேச்சு வராது. ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது கிளம்பினால் அவர் எண்ணையே அழித்துவிடுங்கள்.

2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டு உதவும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் மாவட்ட அளவில் உள்ளன. பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ விசாரியுங்கள். பயிற்சியாளர் பணியிடத்தைக் காலியாக விட்டுவிட்டு, பெயர்ப்பலகைக்கு மட்டும் வண்ணம் பூசும் நிர்வாகத்தை என்ன சொல்வது! அடுத்த தேதி தள்ளிக் கொடுத்தாலும் பதிவு செய்துவிடுங்கள்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது: குளிப்பாட்டும்போது ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, “ஊத்து” என்று சொல்லுங்கள். அடுத்த குவளையை மொண்டு, தலைக்கு மேல் நிறுத்தி, அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அவன் ‘ஊ’ என்றாலும், கையைத் தட்டினாலும் உடனே ஊற்றுங்கள். “சொல்லு, சொல்லு” என்று நச்சரிக்காதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் கைபேசி கூடாது.

மருத்துவமனையில் பெரும்பாலும் அழுதுகொண்டுதான் இருப்பான். அவன் வீட்டில் விளையாடுவதை இரண்டு நிமிடம் படம் பிடித்து எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.